ஆய்வு முறையியல் பாடம்: மதிப்பெண் புள்ளிகளை எங்கே வைப்பது?

செந்தூல்_விரிவுரை

வணக்கம். கோலாலம்பூரில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு சமூக அறிவியல் மாணவர்களுக்கு ஆய்வு முறையியல் எடுக்கிறேன். மூன்று கிரெடிட், பதினான்கு வாரம், வகுப்பில் 45 பேர். அடுத்த செமஸ்டருக்கு மதிப்பீட்டுத் திட்டத்தை மாற்றி எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது இருப்பது: ஆய்வு முன்மொழிவு 30 விழுக்காடு, குழுப் படைப்பு 20, குவிஸ் 10, இறுதித் தேர்வு 40.

எனக்கு இதில் நம்பிக்கை போய்விட்டது. ஏன் என்று ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். தேர்வில் "நம்பகத்தன்மைக்கும் ஏற்புடைமைக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக" என்று ஒரு கேள்வி. (மறுபடி அளந்தாலும் அதே விடை வருவது நம்பகத்தன்மை, அளக்க நினைத்ததையே அளப்பது ஏற்புடைமை.) ஒரு மாணவி இரண்டு பக்கம் எழுதியிருந்தார், குறை சொல்ல இடமே இல்லை. அதே மாணவியின் முன்மொழிவில் இருந்த வினாநிரல் வரி இது: "என் விரிவுரையாளர் தெளிவாகவும் அன்பாகவும் கற்பிக்கிறார்." 1 முதல் 5 வரை ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தெளிவாக நடத்துவார், ஆனால் சிடுசிடுப்பார் என்றால் எந்த எண்ணைத் தட்டுவது? ஏற்புடைமை பற்றி இரண்டு பக்கம் எழுதத் தெரிந்தவருக்குத் தன் கேள்வியே அதைக் கெடுக்கிறது என்று தெரியவில்லை. நானும் இரண்டு இடத்திலும் தனித்தனியாகப் புள்ளி கொடுக்கத்தான் வேண்டியிருந்தது.

இறுதித் தேர்வை எடுத்துவிடலாமா? எடுத்தால் அந்த 40 எங்கே போக வேண்டும்? இந்தப் பாடம் எடுத்தவர்கள், படித்தவர்கள் எல்லாரும் சொல்லுங்கள்.

பங்சார்_புள்ளியியல்

தேர்வை எடுக்காதீர்கள் டீச்சர். கேள்வியை மாற்றுங்கள், போதும்.

தேர்வு இல்லாத முறையியல் பாடத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நான்கு பேர் குழுவில் ஒருவர் எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளைத் தட்டுவார். மற்ற மூவரும் தர விலகல் என்றால் என்ன என்று தெரியாமலே ஏ மைனஸ் வாங்கிப் போவார்கள். அடுத்த ஆண்டு இறுதியாண்டு ஆய்வில் வந்து மாட்டிக்கொள்வார்கள். தனியாக உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டிய ஓர் இடமாவது வேண்டும்.

ஆனால் "விளக்குக", "வரையறுக்க" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதட்டும். கையில் ஓர் அட்டவணையைக் கொடுத்து, குரோன்பாக் ஆல்ஃபா பற்றிக் கேளுங்கள், அதாவது ஓர் அளவுகோலின் கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண். இப்படி: "ஐந்து கேள்விகள் கொண்ட அளவுகோலின் குரோன்பாக் ஆல்ஃபா 0.91. மூன்றாம் கேள்வியை நீக்கினால் 0.92 ஆகும். நீக்குவீர்களா?" புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பவருக்கு 0.7க்கு மேல் இருந்தால் நல்லது என்ற வரிதான் கிடைக்கும். புரிந்தவர் மூன்றாம் கேள்வி எதைக் கேட்கிறது என்று முதலில் பார்ப்பார். ஒரே விஷயத்தை ஐந்து விதமாகக் கேட்டாலும் ஆல்ஃபா ஏறும், ஆகவே 0.91 என்பதே ஓர் எச்சரிக்கையாக இருக்கலாம் என்று எழுதுவார். குரோன்பாக் 1951இல் இதை எழுதியதிலிருந்து இன்றுவரை இதைத் தேர்ச்சி மதிப்பெண் மாதிரியே பயன்படுத்துகிறார்கள். அதை உடைக்கும் கேள்வி ஒன்று இருந்தாலே அந்தத் தேர்வுக்கு அர்த்தம் உண்டு.

ரவாங்_இறுதியாண்டு

மாணவர் தரப்பிலிருந்து சொல்கிறேன். என் பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம்.

எங்களுக்கு முன்மொழிவை 12ஆம் வாரம் அனுப்பச் சொன்னார்கள். புள்ளி வந்தது செமஸ்டர் முடிந்து விடுமுறையில். 30க்கு 22. அந்த எட்டு எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது, கருத்து ஒரு வரிகூட இல்லை. இப்போது இறுதியாண்டு ஆய்வில் அதே தலைப்பைத்தான் எடுத்திருக்கிறேன். மேற்பார்வையாளர் முதல் சந்திப்பிலேயே, "உன் ஆய்வுக் கேள்வி இரண்டு ஆய்வுக்கான கேள்வி" என்றார். இதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அப்போதே யாராவது சொல்லியிருந்தால் ஓர் ஆண்டு மிச்சம்.

தேர்வு இருக்கட்டும், இல்லாமல் போகட்டும். ஐந்தாம் ஆறாம் வாரத்துக்குள் ஏதாவது ஒன்றைப் பார்த்துத் திருத்தித் தாருங்கள். திருத்தியதை மறுபடி அனுப்ப இடம் கொடுங்கள். நாங்கள் கேட்பது அவ்வளவுதான்.

ஜெலுத்தோங்_ஓய்வு

ரவாங் தங்கை சொல்வது முக்கியம். கல்வி ஆய்வாளர் ராய்ஸ் சேட்லர் 1989இல் எழுதியதும் இதைத்தான்: நல்ல வேலை எப்படி இருக்கும் என்று மாணவருக்குத் தெரிய வேண்டும், தன் வேலை அதிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரிய வேண்டும், அந்த இடைவெளியைக் குறைக்க அவரே ஏதாவது செய்ய வேண்டும். மூன்றாவதற்கு நேரம் இல்லாத மாதிரி அட்டவணை போட்டுவிட்டு, கருத்து எழுதினோம் என்று சொல்வதில் பயனில்லை.

பினாங்கில் நான் பண்புசார் ஆய்வு எடுத்த காலத்தில் செய்த ஓர் இடுபணியைச் சொல்கிறேன். செந்தூல் அம்மாவுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

மூன்றாம் வாரம் மாணவர்களை ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவுக்கு அனுப்புவேன். லெபோ பாசாரில் ஏதாவது ஒரு கடை முன்னால் அரை மணி நேரம் நிற்க வேண்டும். யாரிடமும் பேசக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. நோட்டில் நடுவே ஒரு கோடு. இடப் பக்கம் பார்த்தது, கேட்டது. வலப் பக்கம் தாங்கள் நினைத்தது.

முதல் தடவை வரும் குறிப்புகளில் இடப் பக்கத்தில் "கடைக்காரர் கோபமாக இருந்தார்" என்று இருக்கும். "கோபத்தை எங்கே பார்த்தாய்?" என்று கேட்பேன். கொஞ்சம் யோசித்து, "மிச்சக் காசை மேசையில் போட்டார் சார், கையில் கொடுக்கவில்லை" என்று பதில் வரும். அப்படியானால் இடப் பக்கம் அதை எழுது, கோபம் வலப் பக்கம் போகட்டும் என்பேன். பக்கத்தில் நின்ற இன்னொரு மாணவி சொல்வார், "அவர் எல்லாருக்கும் அப்படித்தான் சார் வைத்தார், அங்கே ஒரு தட்டு இருந்தது." கோபம் காணாமல் போய்விடும். ஆய்வாளரின் ஊகம் தரவுக்குள் எப்படி நுழைகிறது என்று விரிவுரையில் ஒரு மணி நேரம் சொன்னாலும் புரியாதது அந்த ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

பிறகு அதே கடைக்கு மறுபடி போய் இரண்டாம் குறிப்பு எடுத்து வர வேண்டும். புள்ளி இரண்டாவதற்குத்தான். மொத்தம் 10 விழுக்காடு. ஆனால் அந்தப் பத்து விழுக்காட்டில் ஒருவரைப் பற்றி நான் தெரிந்துகொண்டது, அவர் எழுதும் மூவாயிரம் சொல் கட்டுரையில் தெரிந்துகொண்டதைவிட அதிகம்.

நேர்காணலையும் இப்படியே வைக்கலாம். வகுப்புத் தோழரையே பத்து நிமிடம் பேட்டி எடுத்து, சொல்லுக்குச் சொல் எழுதி வரச் சொல்லுங்கள். தான் குறுக்கே பேசிய இடங்களுக்குச் சிவப்பு மையால் கோடு போடச் சொல்லுங்கள். "அப்போ உங்களுக்குக் கஷ்டமாத்தானே இருந்திருக்கும்?" என்று பதிலைத் தானே ஊட்டிவிட்ட இடத்தை மாணவர் தானே கண்டுபிடித்தால் அதற்குப் புள்ளி கொடுங்கள். பேட்டி நன்றாக வந்ததா என்பது இந்தக் கட்டத்தில் இரண்டாம் பட்சம்.

பட்டர்வொர்த்_டீச்சர்

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை, பகுதி நேரமாக முதுகலை படிக்கிறேன். ஜெலுத்தோங் சார் சொன்ன கடை முன்னால் நிற்கும் வேலை எங்களுக்கு வைக்கப்படவில்லையே என்று இருக்கிறது.

எங்கள் நிலை கொஞ்சம் வேறு. என்னோடு படிப்பவர்களில் பலர் ஆசிரியர்கள், செய்வது செயலாய்வு. திட்டமிட்டு, செய்து, கவனித்து, சிந்தித்து, மறுபடி திட்டமிடும் சுழற்சி. ஆனால் எங்களுக்குக் கொடுத்த ரூப்ரிக்கில், அதாவது புள்ளி போடும் அளவுகோல் அட்டவணையில், "மாதிரி அளவு போதுமானது", "முடிவுகளைப் பொதுமைப்படுத்த முடிகிறது" என்று இருந்தது. நான்காம் ஆண்டு வகுப்பில் வாசிக்கத் தடுமாறும் ஏழு பிள்ளைகளோடு வேலை செய்பவர் எதைப் பொதுமைப்படுத்துவார்? முதல் சுற்றில் என்ன சரிவரவில்லை, இரண்டாம் சுற்றில் எதை மாற்றினார், ஏன் மாற்றினார் என்றுதான் கேட்க வேண்டும். ஒரே ரூப்ரிக்கை எல்லா வகை ஆய்வுக்கும் போடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று, அறநெறி. பள்ளிக்குள் ஆய்வு செய்யக் கல்வி அமைச்சின் அனுமதி வேண்டும், இராஸ் (eRAS) என்ற இணைய விண்ணப்ப முறை வழியாக விண்ணப்பிக்க வேண்டும். பதினான்கு வாரத்தில் அனுமதி வாங்கி, தரவும் சேகரித்து, எழுதியும் முடிக்கச் சொன்னால், மாணவர்கள் அனுமதி இல்லாமல் தெரிந்த டீச்சர் ஒருவரைப் பிடித்து உள்ளே போய்விடுவார்கள். அந்தப் பழக்கத்தைப் பாடமே கற்றுக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். அதனால் தரவு சேகரிப்பு இல்லாமல், விண்ணப்பத்தையும் பெற்றோர் ஒப்புதல் கடிதத்தையும் மட்டுமே இடுபணியாக வையுங்கள்.

அந்தக் கடிதத்தைத் திருத்த நல்ல வழி ஒன்று உண்டு. துறைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு தாயிடம் படித்துக் காட்டச் சொல்லுங்கள். படித்து முடித்ததும், "என் பிள்ளை வேண்டாம் என்றால் டீச்சர் கோவிப்பாங்களா?" என்று அவர் கேட்டால் கடிதம் இன்னும் சரியாகவில்லை என்று அர்த்தம். பங்கேற்காவிட்டால் எந்தப் பாதிப்பும் இல்லை என்பதை மாணவர் எழுதியிருப்பார், ஆனால் மூன்றாம் பத்தியில், யாருக்கும் புரியாத ஒரு வாக்கியத்தில்.

செராஸ்_தரப்பிரிவு

தர உறுதிப் பிரிவில் வேலை செய்கிறேன். உற்சாகத்தில் இடுபணி மேல் இடுபணியாகச் சேர்த்துக்கொண்டே போகாமல் இருக்க ஒரு கணக்கு.

மலேசியத் தகுதிக் கட்டமைப்பில் ஒரு கிரெடிட் என்றால் மாணவரின் 40 மணி நேரக் கற்றல். மூன்று கிரெடிட்டுக்கு 120. விரிவுரை, டியூட்டோரியல், வாசிப்பு, இடுபணி, தேர்வுக்குப் படிப்பது, தேர்வு எழுதுவது எல்லாம் இதற்குள். விரிவுரைக்கும் டியூட்டோரியலுக்கும் 42 மணி போனால் மிச்சம் 78. கடைக்குப் போவது, பேட்டியைச் சொல்லுக்குச் சொல் எழுதுவது, வினாநிரல், அறநெறி விண்ணப்பம், முன்மொழிவு, தேர்வு என்று ஒவ்வொன்றுக்கும் மணி போட்டுப் பாருங்கள். பத்து நிமிடப் பேச்சை எழுதப் பழக்கமில்லாத கைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஆகும்.

இறுதித் தேர்வைப் பற்றி: 40 விழுக்காடு என்பது பெரும்பாலும் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் உள்விதி. உங்கள் துறைக்கான நிரல் தரநிலையைப் படித்துவிட்டு, செனட்டில் கேளுங்கள். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது பல இடங்களில் தேர்வை மாற்று மதிப்பீடாக மாற்றினார்கள், அதற்கான படிவங்கள் உங்கள் அலுவலகத்திலும் இருக்கக்கூடும். கேட்பார்கள் என்றால் ஒன்றுதான் கேட்பார்கள்: கற்றல் பேறு என்ன, இந்த இடுபணி அதை அளக்கிறதா? "பொருத்தமான ஆய்வு முறையைத் தேர்ந்தெடுத்து நியாயப்படுத்துவர்" என்று பாடத்திட்டத்தில் எழுதிவிட்டு வரையறையைத் தேர்வில் கேட்டால், நானே அந்தத் தாளைத் திருப்பி அனுப்புவேன்.

செந்தூல்_விரிவுரை

எல்லாருக்கும் நன்றி. பங்சார் சார் சொன்ன ஆல்ஃபா கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். 120 மணிக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன், பழைய திட்டமே இடித்தது.

இன்னும் யாரும் தொடாத ஒன்று இருக்கிறது. முன்மொழிவின் முறையியல் அத்தியாயத்தைச் சாட்ஜிபிடி ஒரு நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிடுகிறது. "நோக்கமுள்ள மாதிரியெடுப்பு (ஆய்வுக்குப் பொருத்தமானவர்களைத் தேர்ந்தெடுப்பது) பயன்படுத்தப்படும், ஏனெனில்..." என்று பிழையில்லாமல் வருகிறது. மேற்கோள் காட்டும் கட்டுரையைத் தேடினால் சில சமயம் அப்படி ஒரு கட்டுரையே கிடையாது. கண்டுபிடிக்கும் மென்பொருளை நம்பி ஒரு மாணவரின் மேல் கைவைக்க எனக்கு மனம் வரவில்லை. ஓபன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் எடுத்துவிட்டது.

ஆய்வு நாட்குறிப்பு எழுதச் சொல்லலாமா என்று யோசிக்கிறேன். ஒவ்வொரு வாரமும் என்ன முடிவெடுத்தோம், ஏன் என்று.

ரவாங்_இறுதியாண்டு

டீச்சர், நாட்குறிப்பு வேண்டாம். எங்களுக்கு வைத்தார்கள். பதினான்கு வாரக் குறிப்பையும் கடைசி இரவில், பேனா நிறத்தை மாற்றி மாற்றி எழுதினார்கள். இப்போதென்றால் அதையும் சாட்ஜிபிடியே எழுதிக் கொடுக்கும், வாரம் வாரியாக, நடுவில் ஒரு சோர்வான வாரத்தோடு.

ஜெலுத்தோங்_ஓய்வு

குறிப்பு எழுதச் சொல்லாமல் பொருளைக் கேளுங்கள். வினாநிரலின் முதல் வடிவம். அதை நான்கைந்து பேரிடம் கொடுத்து, ஒவ்வொரு கேள்வியையும் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று கேட்டு எழுதிய தாள். அதற்குப் பிறகு வந்த இரண்டாம் வடிவம். முதலுக்கும் இரண்டாவதற்கும் இடையே மாறியது என்ன, எந்தப் பதிலால் மாறியது என்று ஒரு பக்கம். புள்ளி அந்த மாற்றத்துக்கு. முதல் வடிவம் மோசமாக இருந்தால் புள்ளி குறையாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அப்போதுதான் உண்மையான முதல் வடிவம் கையில் வரும்.

உங்கள் "தெளிவாகவும் அன்பாகவும்" கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு பேரிடம் கொடுத்திருந்தால் ஒருவராவது "எதுக்கு பதில் சொல்றது?" என்று கேட்டிருப்பார். அந்த ஒரு வரிதான் நீங்கள் தேடும் ஆதாரம்.

பங்சார்_புள்ளியியல்

அதோடு வாய்மொழி. ஆளுக்குப் பத்து நிமிடம். 45 பேருக்கு ஏழரை மணி நேரம். மூவாயிரம் சொல் முன்மொழிவு ஒன்றைத் திருத்த இருபது நிமிடம் என்றாலும் 15 மணி ஆகிறது, ஆகவே நேரம் இல்லை என்று சொல்ல முடியாது. முன்மொழிவின் நீளத்தைப் பாதியாக்கிவிட்டு அந்த நேரத்தை இங்கே போடுங்கள்.

கேட்பதற்கு எடுத்துக்காட்டு: கிரெஜ்சி, மார்கன் அட்டவணை, மொத்தம் இத்தனை பேர் என்றால் மாதிரிக்கு எத்தனை பேர் வேண்டும் என்று சொல்வது. 1970இல் வந்தது, நம் நாட்டு ஆய்வேடுகளில் இதைப் பார்க்காத நாளே கிடையாது. மொத்தம் 1000 பேர் என்றால் 278 பேர், 300 பேர் என்றால் 169 பேர் என்று எண்ணை எடுத்து எழுதிவிடுகிறார்கள். பிறகு கூகள் படிவத்தைப் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் தட்டிவிட்டு 169 வரும்வரை காத்திருக்கிறார்கள். அந்த அட்டவணை சமவாய்ப்பு மாதிரியை, அதாவது எல்லாருக்கும் சம வாய்ப்புக் கொடுத்துக் குலுக்கலில் எடுத்த மாதிரியை, வைத்துக் கணக்கிடப்பட்டது. யார் படிவத்தைத் திறந்தார்களோ அவர்கள்தான் மாதிரி என்றால் 169க்கு அந்த அர்த்தமே கிடையாது.

வாய்மொழியில் கேளுங்கள்: "இந்த 169 பேரில் புலனம் பார்க்காதவர் யாராவது உண்டா? அவர்கள் பதில் வேறாக இருக்குமா?" யோசித்தவர் உடனே அவர்களைப் பற்றிப் பேசுவார். "அப்படியானால் நான் இதை எல்லா மாணவர்களுக்கும் பொருந்தும் என்று எழுதக்கூடாது சார்" என்று ஒருவர் சொல்லிவிட்டால், நான் முழுப் புள்ளி கொடுப்பேன்.

பட்டர்வொர்த்_டீச்சர்

வாய்மொழிக்கு நானும் சம்மதம், ஆனால் ஒரு கவலை. தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்து, ஆங்கிலத்தில் பேசும்போது வாய் வறண்டு போகும் பிள்ளைகள் எத்தனையோ பேர். எழுத்தில் தெளிவாக இருப்பார்கள், அறைக்குள் நுழைந்ததும் தலை குனிந்துவிடும். வாய்மொழியில் மொழிக்குப் புள்ளி வைக்காதீர்கள். விரிவுரைஞருக்குத் தெரிந்த மொழி எதுவானாலும் அதில் பதில் சொல்ல விடுங்கள், மலாயோ தமிழோ. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் ஆய்வேட்டையே தமிழில் எழுதுகிறார்கள். பத்து நிமிடப் பேச்சுக்கு ஏன் கூடாது?

முதல் கேள்வி எது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் நல்லது. "நீங்கள் மாற்றிய ஒரு கேள்வியைக் காட்டி, ஏன் மாற்றினீர்கள் என்று சொல்லுங்கள்." தெரிந்ததில் தொடங்கினால் குரல் வந்துவிடும், பிறகு எதையும் கேட்கலாம்.

செந்தூல்_விரிவுரை

இதையெல்லாம் வைத்து ஒரு வரைவு போட்டிருக்கிறேன். அவதானிப்புக் குறிப்பு 10, நான்காம் வாரம். வினாநிரல் அல்லது நேர்காணல் வழிகாட்டி, இரண்டு வடிவமும் சோதித்த தாளும் 25, ஏழாம் வாரம். அறநெறி விண்ணப்பமும் ஒப்புதல் கடிதமும் 10. சுருக்கமான முன்மொழிவு 20, இதன் வரைவு பத்தாம் வாரம் வந்து கருத்தோடு திரும்பிப் போகும். வாய்மொழி 15. புத்தகம் திறந்த தேர்வு 20.

குழுப் படைப்பை எடுத்துவிட்டேன். தரவைக் குழுவாகச் சேர்க்கலாம், புள்ளி மட்டும் ஆளுக்காள்.

ரூப்ரிக்கில் "மிகச் சிறப்பு", "சிறப்பு", "திருப்தி" எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். மாதிரியெடுப்புக்கு இப்போது இருக்கும் மேல்நிலை வரி: "யாரைச் சேர்த்தார், யார் விடுபட்டார்கள் என்று சொல்கிறார், விடுபட்டவர்களால் முடிவு எந்தப் பக்கம் சாயலாம் என்று காட்டுகிறார்." கீழ்நிலை வரி: "முறையின் பெயரை மட்டும் சொல்கிறார்." செயலாய்வு செய்பவருக்கு இந்த வரிக்குப் பதில் சுழற்சிக்கான வரி தனியாக இருக்கிறது.

செராஸ்_தரப்பிரிவு

ஆறு இடுபணி அதிகம். அறநெறியை முன்மொழிவோடு சேர்த்து 30 ஆக்குங்கள், ஐந்தாகும். பத்தாம் வாரம் வரைவில் கடிதமும் இருக்கட்டும், ஒரே தடவையில் திருத்திக் கொடுத்துவிடலாம்.

வாய்மொழியைப் பதிவு செய்ய வேண்டும். புள்ளி குறைந்த மாணவர் மேல்முறையீடு செய்தால் உங்கள் கையில் எதுவும் இல்லாமல் போகக்கூடாது. மாணவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொண்டு குரலை மட்டும் பதிவு செய்தால் போதும்.

ரவாங்_இறுதியாண்டு

ஏழாம் வாரம் கொடுக்கும் 25 விழுக்காட்டுக்கு எப்போது கருத்து வரும் என்று பாடத்திட்டத்திலேயே தேதி போட்டுவிடுங்கள் டீச்சர். நாங்கள் அனுப்பத் தாமதித்தால் நாளொன்றுக்கு இவ்வளவு என்று புள்ளி குறைக்கிறார்கள். திருத்தி அனுப்பவும் அதே மாதிரி ஒரு தேதி இருந்தால் பத்தாம் வார வரைவை அதைப் பார்த்து எழுதலாம்.

செந்தூல்_விரிவுரை

போட்டுவிடுகிறேன் தங்கை, ஒன்பதாம் வாரம் திங்கள்கிழமை. அறநெறியையும் சேர்த்துவிட்டேன். மாணவரின் குரலைப் பதிவு செய்ய ஒப்புதல் படிவம் ஒன்று நானும் எழுத வேண்டும், அதை முதலில் பட்டர்வொர்த் டீச்சருக்கு அனுப்புகிறேன்.

ஜெலுத்தோங் சார், கோலாலம்பூரில் அந்த அரை மணி நேரத்துக்குப் பிரிக்ஃபீல்ட்ஸ் சரிவருமா, மஸ்ஜித் இந்தியாவா? எங்கள் மாணவர்கள் பெரும்பாலும் ரயிலில்தான் வருகிறார்கள்.

ஜெலுத்தோங்_ஓய்வு

பிரிக்ஃபீல்ட்ஸ். கேஎல் சென்ட்ரலிலிருந்து நடந்தே போய்விடலாம். 45 பேரையும் ஒரே நாளில் அனுப்பாதீர்கள், கடைக்காரருக்குத் தொந்தரவு. பூக்கடைப் பக்கம் ஒரு கடைக்கு இரண்டு பேர் என்று பிரித்து விடுங்கள். இருவரும் ஒன்றாக நின்று, தனித்தனியாக எழுதட்டும். வகுப்பில் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.